மூன்றாவது காது

"அசலை எடுங்க சார்."

சொல்லியாகிவிட்டது. அதை மட்டும் கேட்காதே என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் பாக்கியில்லை. வக்கீல் சொன்னார்: "கேட்டா உஷாராயிடுவாங்கமா." என் உதவியாளர் அம்சாக்கா சொன்னாள்: "பொண்ணு பார்க்கப் போன எடத்துல சமையக்கட்டுக்குள்ள பூந்து சட்டியத் தொறந்து பார்க்கிற மாதிரி இருக்கும்டி." அப்பாவும் சொன்னார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் முழுசாகப் பேசிய வாக்கியங்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று: "இன்னா வேணா கேளும்மா. அசலை மட்டும் கேக்காத."

பட்டு நெசவாளர் சங்கத்தின் செயலாளர் வீரபாகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். பின்கட்டில் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சன்னல் கம்பி அதிர்ந்தது. அந்த அறையில் பேசுவதென்றால் கத்த வேண்டும்.

"நகல்தான் குடுத்தாச்சே!"

"நீங்க குடுத்தது இங்கிலீஷ் டைப்பு. கோயம்புத்தூர் அம்மா தமிழ்ல எழுதினதுன்னு நீங்களே கீழ போட்டு இருக்கீங்க. அந்தம்மா கையால எழுதினது வேணும்." மேல்முறையீட்டு அதிகாரியிடம் வாங்கிய 'பார்வையிட அனுமதிக்கவும்' உத்தரவை மேசைமேல் வைத்தேன்.

"உங்கப்பாகிட்ட கேட்டுக்கினுதான் வந்தியா?"

"வேலைய விட்டுத் தூக்கினது எங்கப்பாவையா, என்னையா?"

"படிச்ச திமிரு," என்றார் வீரபாகு.

"இல்லைங்க, அது பொறந்ததுலருந்தே இருக்குது," என்றாள் அம்சாக்கா. "படிப்பு அப்பறம்தான் வந்துச்சு."

வீரபாகு பீரோ சாவியைத் தேடத் தொடங்கினார். அவர் தேடி முடிப்பதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சங்கீதா. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது, பி.ஏ. ஆங்கிலம். இதே சங்கத்தில் சேலைகளின் ஜரிகையைச் சோதிக்கும் வேலை பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அமாவாசை. எங்கள் ஊரில் அன்றைக்குத் தறி ஓடாது. சாவகாசமாகச் சரக்குப் பார்க்கலாம். ஒரு சேலையின் ஜரிகையை உரைகல்லில் தேய்த்தேன். வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் செம்பு. சேலையில் வரிசை எண் மட்டும்தான் இருக்கும். எந்தத் தறியில் நெய்தது என்பது செயலாளரின் பதிவேட்டில். வீரபாகுவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். அவரிடம் மட்டும் சொன்னேன்.

நான்காம் நாள் எனக்கு ஆங்கிலத்தில் நோட்டீஸ். சங்கத்தை நான் 'டிஃபேம்' செய்துவிட்டேனாம்.

அகராதி அதை அவதூறு என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடும். ஆனால் அந்த வார்த்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூடிய அறைக்குள் என் முகத்தைப் பார்த்து ஒருவன் "நீ திருடி" என்றால் அது வசவு. எனக்கு வலிக்கும், அவ்வளவுதான். அதையே இன்னொரு காதில் விழும்படி சொன்னால்தான் டிஃபேம். நம் பேர் நம்மிடமா இருக்கிறது? அடுத்தவர் தலைக்குள் இருக்கிறது. அங்கே போய்ச் சேராமல் அதைக் கெடுக்க முடியாது.

இதைத்தான் பதிலாக எழுதினேன். சொன்னது நான், கேட்டது நீங்கள், மூன்றாவது காது எங்கே? எழுதிய கையோடு வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் விளக்கினேன். அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். தறியை நிறுத்தி அவர் கேட்ட விஷயங்கள் ரொம்பக் குறைவு. அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி ஒன்று. "மூணாவது ஆள் கேட்டே ஆவணுமாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். என் படிப்பைப் பற்றி அவர் என்னிடம் சந்தேகம் கேட்ட ஒரே நாள் அது. அன்றைக்கு எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் மூன்றாவது காது வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ராஜலட்சுமி என்ற வாடிக்கையாளரின் கடிதம். அன்று சேலை எடுக்க வந்தாராம், நான் சொன்னது காதில் விழுந்ததாம். என் வேலை போயிற்று. அந்த முகவரிக்கு நான் அனுப்பிய இரண்டு பதிவுத் தபாலும் 'அப்படி ஒருவரும் இல்லை' என்று திரும்பி வந்தன. வீடு மாறியிருப்பார்கள் என்றது சங்கம்.

வாலாஜாபாத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தம் ஒரே போன்காலில் முறிந்தது. கூடப் படித்தவர்கள் வளைகாப்புப் படம் அனுப்புவதை நிறுத்தினார்கள். இப்போது என் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்வது வங்கி மட்டும்தான். ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டேன். முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. இருநூறு கல்யாணம் முடித்த தரகர் அம்சாக்கா, "முடிச்சு வெச்ச பாவத்தை உங்கிட்ட வந்து கழிக்கிறேன்டி" என்று என்னோடு சேர்ந்துகொண்டாள். ஆறு மணிக்கு அவள் போன பிறகு அந்த மாடியில் நானும் ஃபேனும். ஃபேன் பரவாயில்லை, எதையாவது முனகும்.

என் மேல்முறையீடு இரண்டு வருடம் தூங்கி எழுந்து, இன்று மாலை ஐந்து மணி என்று கெடு கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதம் பொய் என்று காட்டினால் ஆணை ரத்து. சேலத்தில் ஒரு ஜவுளிச் சோதனைக் கூடத்தில் வேலை காத்திருக்கிறது. காட்டாவிட்டால் கோப்பு மூடப்படும். சாகிறவரை நான் டிஃபேம் செய்தவள்.

வீரபாகுவுக்குச் சாவி கிடைத்துவிட்டது.

"படிச்சுக்கோ. தொடாத. போட்டோ எடுக்காத."

ஒரே தாள். ஊதா மை. குண்டு குண்டான, அழகான கையெழுத்து. நான் வரி விடாமல் படித்தேன். அம்சாக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்துவிட்டு, "போலாமா, எனக்கு டீ வேணும்," என்றாள்.

* * *

ராஜ வீதி டீக்கடையில் வைத்து, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தேன்.

"'நான் வந்த அன்று அமாவாசை. தறி ஓடாத நாள் என்பதால் சத்தம் இல்லை. ஆகவே அந்தப் பெண் செயலாளரிடம், இந்தச் சேலையில் நல்ல ஜரிகை இல்லை என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.' அவ்ளோதான்க்கா. இங்கிலீஷ் நகல்ல நடு வரி இல்ல. தெளிவா விழுந்துச்சுன்னு மட்டும்தான் இருந்துச்சு."

"நடு வரியில இன்னா புதையலா இருக்குது?"

"நீங்க வாலாஜாபாத்ல ஒரு ரைஸ்மில்லு பக்கமா போறீங்க. உள்ள ஒரு சண்டை. காதுல விழுது. வந்து எங்கிட்ட இன்னா சொல்லுவீங்க?"

"யாரு யாரோட ஓடிப் போனான்னு சொல்லுவேன்."

"இன்னைக்கு மில்லு ஓடல, அதனால எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லுவீங்களா?"

"அத எதுக்குடி சொல்றேன்? காது இருக்குது, கேட்டுச்சு." டம்ளரை வாய்க்குக் கொண்டு போனவள் பாதியில் நிறுத்தினாள். "அட."

"கோயம்புத்தூர்க்காரங்க. மொத தடவ வராங்க. அந்த எடத்துல எப்பவும் தறி சத்தம் இருக்கும்னே அவங்களுக்குத் தெரியாது. இல்லாத சத்தத்தை எப்பிடிக் கவனிப்பாங்க? ஒருத்தர் பேசினது இன்னொருத்தருக்குக் கேட்டுச்சுன்னா அதுக்குக் காரணம் சொல்லியாவணும்னு யாருக்குத் தோணும்? பொறந்ததுலருந்து தறி பக்கத்துலயே இருந்தவங்களுக்குத்தான் தோணும். சத்தத்துல எதுவும் காதுல விழாதேன்னு அவங்களுக்குத்தான் சந்தேகம் வரும். அந்த சந்தேகத்துக்கு அவங்களே பதிலும் எழுதிட்டாங்க."

"வீரபாகு நெசவு வீட்டு ஆளுதானே?"

"நாலு தலைமொறையா."

எனக்குள் இரண்டு வருடமாக எரிந்துகொண்டிருந்த கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. கண்ணாடி போட்ட முகம். ஆனால் கையெழுத்து அவருடையது இல்லை. அவர் கோழிக்கிறுக்கலை மூன்று வருடம் படித்தவள் நான்.

"எழுதின கை யாருதுன்னு தெரிஞ்சா போதும்க்கா. அங்கருந்து பின்னால போயிடலாம்."

"அது தெரியுமே," என்றாள் அம்சாக்கா.

"தெரியுமா?"

"நான் எந்தக் காயிதத்துலயும் தலையத்தான்டி பார்ப்பேன். ஜாதகத்துல உள்ள இருக்கிறது ஜோசியர் வேலை. இந்தக் கடுதாசி தலையில இன்னா இருந்துச்சு?"

யோசித்தேன். "பிள்ளையார் சுழி."

"புகார் கடுதாசிக்குப் புள்ளையார் சுழி போட்டு, அடியில ரெட்டைக் கோடு இழுத்து, நடுவுல ஒரு புள்ளி வெக்கிறவன் இந்த ஊர்லயே ஒருத்தன்தான். எங்கிட்ட ஜாதகம் நகல் எடுத்துக் குடுத்துக்கினு இருந்தவன். வெவாகரத்து மனுவுக்கே சுழி போட்டுத் தொலைச்சான். அந்தப் புண்ணியத்துல ரெண்டும் திரும்ப சேர்ந்துக்கிச்சுங்க. கெளம்பு, கலெக்டர் ஆபீசுக்கு."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"டீ வாங்கித் தந்திருக்க மாட்டியே."

* * *

கலெக்டர் ஆபீஸ் வாசலில், தகரக் கூரைக்கடியில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாண்டியன் ஐந்தாவது மேசை. அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் ஊதா மைப் பேனா.

"இன்னா பாண்டியா, இன்னும் உயிரோட இருக்கியா?"

"நீ கட்டி வெச்ச ஜோடிங்க அத்தனையும் எங்கிட்டதான் மனு எழுத வருதுங்க அம்சா. எப்பிடி சாவறது?"

நான் முன்னால் போனேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, கோயம்புத்தூர் ராஜலட்சுமின்னு ஒரு கடிதம் எழுதினீங்க. பட்டு சங்கத்துக்கு."

பாண்டியன் பேனாவை மூடினார்.

"எழுதறது என் தொழில் மேடம். சொல்றது அவங்க. நெசமா பொய்யான்னு பார்க்க எனக்கு யாரும் சம்பளம் தரல."

"நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. சொன்னது யாரு? கண்ணாடி போட்டவரா?"

"கண்ணாடியா? இல்லையே."

"ஒரு நாளைக்கு முப்பது மனு எழுதறவன், ரெண்டு வருசம் ஆச்சு, அவனுக்கு ஞாபகம் இருக்குமாடி?" என்று அம்சாக்கா வேண்டுமென்றே சீண்டினாள்.

அது வேலை செய்தது. "இருக்காதா? ரெண்டு மணி நேரம் உக்காந்துக்கினு மூணு வரி சொன்னா மறந்துடுமா? பெரியவரு ஒருத்தரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்துவாரு. அந்தப் பொண்ணு பொய் சொல்லிச்சுன்னு போடவான்னு கேட்டேன். வாணாம் சார், சொல்லிச்சுன்னு மட்டும் போடுங்க, பொய்யின்னு போடாதீங்கன்னாரு. புகார் குடுக்க வந்துட்டு இன்னாயா இதுன்னு நெனச்சேன்."

வெயிலில் தகரம் சடசடத்துக்கொண்டிருந்தது.

"அவதூறுன்னு ஒரு வார்த்தை சேர்க்கவான்னேன். அதுக்கு அவரு, இங்கிலீஷ்ல டிஃபேம்னு ஒண்ணு இருக்குது சார், மூணாவது ஆள் காதுல விழுந்து இருக்கணும், விழலன்னா அது செல்லாது, அதனால காதுல விழுந்ததை மட்டும் அழுத்தி எழுதுங்கன்னாரு. நாப்பது வருசமா மனு எழுதறேன், எனக்கே அது தெரியாது. எங்க படிச்சீங்கய்யான்னு கேட்டேன்." பாண்டியன் என்னைப் பார்க்காமல் மைக்கூட்டைப் பார்த்தார். "'எம்பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. இங்கிலீஷ் பி.ஏ. எங்க வம்சத்துலயே மொத டிகிரி'ன்னாரு. அவ்ளோ பெருமையா சொன்னாரு மேடம். சொல்லிட்டு அழுவுறாரு."

அம்சாக்காவின் வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மணி ஒன்றே முக்கால். மனுக்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற வாசனை. நான் தகரக் கூரைக்கு வெளியே போய், ஒரு வேப்பமரத்தடியில் தனியாக நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பாவின் பேரை எழுதாமல் இந்தக் கடிதத்தைப் பொய் என்று காட்ட ஏதாவது வழி உண்டா என்று எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தேன். இல்லை. எழுதாமல் விட்டால் ஐந்து மணிக்குக் கோப்பு மூடும். நாளைக்குக் காலையில் நான் எழுந்து அவருக்குக் காபி போடுவேன், அவர் குடிப்பார், இரண்டு பேரும் பேசாமல் இருப்போம், இன்னும் இருபது வருடம்.

திரும்பி வந்தேன்.

"பாண்டியன் சார், இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க. கீழ உங்க கையெழுத்து."

"யார் பேர்ல எழுதறது?"

"உங்க பேர்லயே. கடிதம் எழுதச் சொன்னவர் பேர் குமாரவேல். பிள்ளையார்பாளையம்."

அவர் தாளை எடுத்தார். பழக்க தோஷத்தில் பேனா தாளின் தலைக்குப் போயிற்று.

"பாண்டியா," என்றாள் அம்சாக்கா மெதுவாக. "இதுக்கு சுழி வாணாம்."

* * *

வீட்டுக்குப் போனபோது மணி நாலு. அப்பா தறிக்குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். மாம்பழ நிறச் சேலை, அரக்கு பார்டர். நான் எதிரே போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"நைனா. அசலைப் பார்த்துட்டேன்."

உதட்டசைவிலேயே புரிந்திருக்க வேண்டும். தறி நின்றது.

"பாண்டியனையும் பார்த்துட்டேன்."

அப்பா ஊடைநூல் ஓட்டும் நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அந்தச் சேலை நம்ம தறியிலதும்மா," என்றார்.

நான் எதிர்பார்த்த பதில்களில் அது இல்லை.

"ஜரிகை சங்கத்துல குடுத்ததுதான். கையில வாங்கினப்பவே தெரிஞ்சுது. வாய மூடிக்கினு நெய்ஞ்சேன். நீ போய் சொன்ன அன்னைக்கே வீரபாகு என்னைக் கூப்ட்டான். மேல போச்சுன்னா, நாங்க நல்ல ஜரிகைதான் குடுத்தோம், நெய்ஞ்சவன்தான் மாத்திட்டான்னு எழுதுவேன்னான். அப்பறம் உன் பதிலைப் பார்த்துட்டு, வெளியாள் பேர்ல ஒரு கடுதாசி வேணும்னான். நாப்பது வருசம்மா. திருட்டுத் தறின்னு பேர் வந்துச்சுன்னா எவன் எனக்கு நெய்யப் பாவு நூல் குடுப்பான்?"

"அதனால எம்பேரைக் குடுத்துட்ட."

"நீ படிச்சவ. உனக்கு வேற ஊரு இருக்குது, வேற வேலை இருக்குது. எனக்கு இன்னாம்மா இருக்குது? அப்பிடித்தான் நெனச்சேன்." நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொய் சொல்லிச்சுன்னு போடாதீங்கன்னு சொன்னேம்மா."

"தெரியும். கேட்டேன்."

"வீரபாகு இன்னும் கூட எழுதச் சொன்னான். நான்தான்..."

"என்னை ஒரு வார்த்தை கேட்டு இருக்கலாமே நைனா. கேட்டு இருந்தா நானே குடுத்து இருப்பேனோ என்னமோ. ரெண்டு வருசம் இதே வீட்ல ஒண்ணா சோறு தின்னோம். வாலாஜாபாத்காரங்க வாணாம்னு சொன்ன அன்னைக்கு எம்பக்கத்துல வந்து உக்காந்தியே. அப்பவாவது சொல்லி இருக்கலாம். இந்த வீட்ல நான் மட்டும்தான் தனியா கெடக்கிறேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

நான் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பாவின் மேல் படாமல் அவர் கைக்கு எட்டுகிற பலகையில் வைத்தேன். மேல்முறையீட்டு அலுவலகத்தின் முத்திரை. நேரம் மூன்று பதினைந்து.

"பாண்டியன் எழுதினதைக் குடுத்தாச்சு நைனா. உன்னைக் கேட்டுக் குடுக்கல. குடுத்துட்டுத்தான் சொல்ல வந்தேன். வேற யாரோ வந்து உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்."

அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தார். அதில் இருப்பது ஆங்கிலம். அதற்கு அர்த்தம் என்ன என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

"திங்கக்கெழமை கூப்புடுவாங்க. இப்ப எங்கிட்ட சொன்னதை அங்க சொல்லு. ஜரிகை யாரு குடுத்தாங்க, யாரு மெரட்டினாங்க, எல்லாத்தையும். இங்க நீயும் நானும் மட்டும்தான் இருக்கோம். இங்க நீ எவ்ளோ அழுதாலும் யாருக்கும் கேக்காது. அங்க இன்னொரு காது இருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. பிறகு குழிக்குள் அவர் கால் தறியின் மிதியை அழுத்தியது. நாடா ஓடியது. தறிச் சத்தம் வீட்டை நிரப்பியது.

"நீ திருடலன்னு எனக்குத் தெரியும் நைனா," என்றேன். எனக்கே அது கேட்கவில்லை.

உள்ளே போய், கொடியில் கிடந்த இரண்டு சுடிதாரையும் சான்றிதழ் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையையும் பையில் போட்டேன். காபித்தூள் டப்பாவை அவர் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தேன். செருப்பை மாட்டினேன்.

தெருமுனையில் அம்சாக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நான் நாலு வீடு தாண்டியிருப்பேன். பின்னால் தறி நின்றுவிட்டது. தெருவே அமைதியாகிவிட்டது, அவர் இப்போது மூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

திங்கட்கிழமை சொல்லட்டும். நான் நடந்தேன்.